வெள்ளம் குடித்த கார்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் பெரியோர். இலட்சக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் காருக்கு அவ்விதி பொருந்தாது. ஆயினும் நம்மவருள் அநேகர், பழைய கார் பார்க்கப் போனால் அதன் பளபளப்பிலும் மெத்தையின் மென்மையிலும் மயங்கி, முற்பணத்தையும் கையோடு கொடுத்துவிட்டே வீடு திரும்புகின்றனர். கொலன்னாவையில் வாழ்வோர் இவ்விஷயத்தில் இன்னொரு சங்கதியையும் மனத்திற் கொள்ள வேண்டும். அதுதான் வெள்ளம்.

களனி கங்கைக்குத் தெற்கே சதுப்பு நிலத்தை அண்டிக் கிடக்கும் தாழ்ந்த பூமி நம்முடையது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கங்கை கரை புரண்டபோது வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கொணர்ந்த மழையில் அதே கதை மீண்டும் நடந்தது. வீட்டுச் சாமான்களை மேல்மாடிக்கு ஏற்றலாம். காரை எங்கே ஏற்றுவது? ஒழுங்கையில் நின்றபடியே அது நீரைக் குடித்தது.

அவ்வாறு மூழ்கிய கார்கள் யாவும் பின்னர் எங்கே போயின என்று எவரும் கேட்பதில்லை. சிலவற்றுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் முழு நட்டமும் கொடுத்துவிட்டுக் காரை ஏலத்தில் விற்கின்றன. அதை மலிவாக எடுப்பவர் கழுவி, காய வைத்து, மெத்தையுறை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து, ஊர் பேர் தெரியாத இடத்தில் நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறார். நமது ஒழுங்கையில் மூழ்கிய வண்டி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கலாம். வேறெங்கோ மூழ்கியது நம் வாசலுக்கும் வரலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து வருட காலம் புதிதாக எதுவும் வராமையால், ஓட்டிப் பழகிய காரை வாங்கிய விலைக்கு மேலாக விற்றவர்களும் உண்டு. அத்தகைய காலத்தில் நீரில் கிடந்த காரைக் கூட எவரும் எறிந்துவிடவில்லை. ஆதலால் இன்று சந்தையில் நிற்கும் பழைய கார்களை ஐயத்தோடு நோக்குவதில் பிழையில்லை.

நோக்குவது எங்ஙனம்? வெள்ளம் வடிந்த பின் அயலவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த உபாயங்களுள் சிறந்தது ஆசனப் பட்டியைப் பற்றியது. அதைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சாதாரணமாக வெளியே வராத அடிப்பகுதியைக் கழுவ எவருக்கும் தோன்றுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். அடுத்து, ஆசனத்தின் கீழே கையை விட்டு, தண்டவாளத்தைப் பிணைக்கும் ஆணிகளைத் தடவிப் பாருங்கள். உட்புறத்து ஆணி துருப்பிடிக்கக் காரணமில்லை. பின்பெட்டியில் மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் வண்டல் தங்கியிருக்கும். பத்து வருடக் காருக்குத் தரைவிரிப்பு மாத்திரம் புத்தம் புதிதாக இருப்பின், ஏன் என்று கேட்க வேண்டும். கண்ணாடிகளை அடைத்துச் சற்று நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தால் பூஞ்சண வாடை தானே காட்டிக் கொடுக்கும். வாசனைத் திரவியம் அளவுக்கு மிஞ்சி மணந்தாலும் அதே பொருள்தான்.

மீற்றரில் ஓட்டம் குறைவாயிருப்பதைக் கண்டும் மகிழ்ந்துவிடலாகாது. மீற்றரைத் திருத்துவோர் ஒரு புறமிருக்க, உண்மையாகவே ஓடாமல் நின்ற வண்டிகளும் உள. நாட்டின் எண்ணெய்க் களஞ்சியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாம் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம்; பின்பு கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். மாதக் கணக்கில் நின்ற காரின் ரயரும் பற்றரியும் றப்பர்க் குழாய்களும் ஓடிய காரினுடையவற்றைக் காட்டிலும் மோசமாயிருத்தல் கூடும்.

பழைய மொறிஸ் மைனர் இவ்வகையில் பாக்கியசாலி. 1948இல் பிறந்த அந்த வண்டியில் மின்சாரம் என்பது நாலு கம்பியும் ஒரு பற்றரியுந்தான். வெள்ளத்தில் நின்றாலும் ஒயிலை மாற்றி, கார்புரேற்றரைத் துப்புரவாக்கி, டிஸ்ரிபியூற்றரைத் துடைத்துக் காய வைத்தால் பெரும்பாலும் மறுபடி இருமிக்கொண்டு கிளம்பிவிடும். இக்காலத்துக் காரோ நடமாடும் கணினி. அதன் நரம்புகள் தரைவிரிப்பின் கீழே ஓடுகின்றன. நீர் பட்ட செப்புக் கம்பி உடனே சாவதில்லை. பச்சை பூத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, நடுவழியில் தன் வேலையைக் காட்டும். விற்றவர் அதற்குள் தொலைபேசி இலக்கத்தையே மாற்றியிருப்பார்.

ஹைபிரிட் கார் வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 2009இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பெரிய பற்றரி பின்னாசனத்தின் பின்னே இருக்கிறது. அதனுள் 28 துண்டுகள். எல்லாம் சேர்ந்து 200 வோல்ற்றுக்குச் சற்று மேல். ஒரு துண்டு பழுதானால் அதை மாத்திரம் மாற்றித் தருவோம் என்று சில கராஜ்களில் சொல்வர். செலவு குறைவு என்பது மெய்யே. ஆனால் கிழட்டு மாடுகளின் நடுவே ஓர் இளங்காளையைப் பூட்டிய வண்டியாகும் அது. சில மாதங்களில் அடுத்த துண்டு படுத்துவிடும். விற்பதற்காகவே இவ்வாறு ஒட்டுப் போடுவோரும் உளர். பற்றரியை எப்போது, எவ்வாறு மாற்றினர் என்று கேட்டு, பற்றுச்சீட்டையும் பார்த்துக்கொள்வது நலம்.

சொந்தக் கார் நீரில் அகப்பட்டுக்கொண்டால் நமது கை முதலில் சாவியைத் தேடும். அந்த ஆவலை அடக்குவதே பாதி வைத்தியம். எஞ்சினுள் காற்று நுழையும் வழியால் நீர் புகுந்திருந்தால், அந்நீரைப் பிஸ்டனால் அமுக்க இயலாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. ஆகவே இணைப்புத் தண்டு வளையும், அல்லது ஒடியும். சில ஆயிரம் ரூபாவோடு தீரவேண்டிய வேலை எஞ்சினையே மாற்றும் வேலையாகிவிடும். சாதாரணக் காராயின் பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியை அழையுங்கள். ஒயில் பார்க்கும் கம்பியில் பால் தேநீரின் நிறம் தெரிந்தால் நீர் கலந்துவிட்டதென்று அறிக. ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிறக் கம்பிகளுக்குக் கிட்டவும் போகலாகாது. அது உயிர்ச் சேதம் விளைவிக்கும் மின்சாரம். மாணவர்கள் இதை வீட்டிலுள்ளோருக்கு வாசித்துக் காட்டுவார்களாக.

உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கே கிடைக்காதது கிடையாது என்பர். அசலும் கிடைக்கும், அசலின் பெட்டியில் போலியும் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றைக் கழற்றிய வண்டியிலிருந்து வாங்குவதில் குற்றமில்லை. பிறேக் கட்டையையும் ரைமிங் பெல்ற்றையும் அவ்வாறு வாங்குவது மட்டும் வேண்டாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அல்லவா? மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தரும்படி கராஜ் பாஸிடம் கேட்பதும் நல்ல வழக்கம். நேர்மையானவர் கோபிக்க மாட்டார்.

எல்லாம் சரியென்று கண்ட பின்னும் கடதாசி மிச்சமுண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வண்டியிலுள்ள இலக்கங்களோடு நீங்களே குனிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தால், அது நீங்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பெயர் எழுதாமல் கையொப்பம் மாத்திரம் இட்ட மாற்றப் பத்திரத்தோடு கைமாறிக் கைமாறி வரும் வண்டிகளும் ஏராளம். அப்படிப்பட்ட காரை விற்பவர் அவசரப்படுத்தினால், நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு இருவருமாகவே போய் வரலாம் என்று சொல்லிப் பாருங்கள். வர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.