பேத்தை மீனும் எங்க வீட்டு மாட்டுத் தொட்டியும்

மங்களூர்னு சொன்னதுமே கர்நாடகாவுல இருக்கிற துறைமுகத்தைத்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. "உங்க ஊர்ல மீன் நல்லா கிடைக்குமே"ன்னு சென்னையில என்கிட்டயே கேட்டிருக்காங்க. நம்ம மங்களூர் அது இல்லீங்க. கடலூர் மாவட்டத்துல, வேப்பூர் திட்டக்குடி பக்கம் இருக்கிற மங்களூர். பக்கத்துல பெரிய டவுன்னா விருத்தாசலம். மக்காச்சோளமும் பருத்தியும் வெளையிற மானாவாரி பூமி. கடலைப் பார்க்கணும்னா வெள்ளாறு போற வழியிலேயே பரங்கிப்பேட்டை வரைக்கும் போகணும். மீன்னா எங்களுக்கு வெலிங்டன் ஏரிக் கெண்டை, விரால், கெளுத்தி. எல்லாமே குழம்புக்கு.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்ள ஒரு பேத்தை மீன் வந்தது என் பொண்ணால. ஆறாவது படிக்கிறா. டவுன்ல ஒரு கடை வாசல்ல நின்னு கண்ணாடித் தொட்டியைப் பார்த்தவ நகரவே மாட்டேன்னுட்டா. பச்சை முதுகு, கறுப்புப் புள்ளி, வெள்ளை வயிறு, ரெண்டு கண்ணும் தனித்தனியா சுத்துது. நாம பக்கத்துல போனா அதுவும் கண்ணாடிகிட்ட வந்து நம்மளை ஏற இறங்கப் பார்க்குது. மத்த மீனெல்லாம் அதுபாட்டுக்குப் போகும். இது ஆளைப் பார்க்குற மீன். கடைக்காரர் "நல்ல தண்ணி மீனுதான் சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னார். வெதைக் கடையில இதே வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருக்கேன்! இருந்தாலும் வாங்கிட்டேன். பிள்ளை கேட்டா நமக்கு மூளை வேலை செய்யாது இல்லீங்களா.

அன்னைக்கே தொட்டி, அன்னைக்கே தண்ணி, அன்னைக்கே மீன். அஞ்சு மாசத்துல அது செத்துப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமா கறுத்தது, தீனி எடுக்கலை, ஒரு மூலையில கெடந்தது. "அப்பா, நாம என்னப்பா தப்பு பண்ணோம்?"னு பொண்ணு கேட்டப்ப "மீனுன்னா அப்படித்தான்மா"ன்னு சொல்லிட்டேன். ஒரு கன்னுக்குட்டி செத்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா? காளை மாட்டுக்கு ஒரு நியாயம், கண்ணாடித் தொட்டிக்கு ஒரு நியாயம்னு வச்சிருந்தேன். அந்தப் பதில் ரொம்ப நாள் உறுத்திச்சு.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்குச் சிதம்பரம் போனப்ப பரங்கிப்பேட்டைக்கும் போனோம். வலையிலிருந்து கழிச்சுப் போட்ட மீனு கரையில கெடந்துச்சு. அதுல பேத்தையும் உண்டு. ஒரு மீனவர்கிட்ட செல்போன்ல எங்க மீனோட படத்தைக் காட்டினேன். "இது முகத்துவாரத்து மீன் சாதி மாதிரில்ல இருக்கு? உப்பும் நல்ல தண்ணியும் கலந்த எடத்துல இருக்கிறதாச்சேண்ணே, வெறும் நல்ல தண்ணியிலயா விட்டீங்க?"ன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. பச்சைப் புள்ளிப் பேத்தை குட்டியா இருக்கறப்ப நல்ல தண்ணியைக் கொஞ்ச நாள் தாங்கும். வளர வளர உப்பு வேணும், முழுசா வளர்ந்தா கிட்டத்தட்ட கடல் தண்ணியே வேணும். 15 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். ஒழுங்கா வச்சுக்கிட்டா பத்து வருஷம் கூட இருக்கும். நாங்க அதை அஞ்சே மாசத்துல, கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுருக்கோம்.

சிட்டியில இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வர்றது இதுதான். முதல் மீனா பேத்தை வாங்கக் கூடாதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். வாங்கலாம். ஆனா மீனை வாங்குறதுக்கு ஆறு வாரம் முன்னாடியே தண்ணியை வளர்க்க ஆரம்பிக்கணும். அதுக்குப் பொறுமை இல்லைன்னா கண்ணாடிக் கிண்ணத்துல கோல்டு ஃபிஷ் கூட வாங்காதீங்க.

தண்ணியை எப்படி வளர்க்கிறதுன்னு கேப்பீங்க. வயல்ல யூரியா போடுறோம். அது மண்ணுல அமோனியாவா மாறுது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குது, இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குது, அதைப் பயிர் எடுத்துக்குது. மீன் தொட்டியிலயும் இதே கதைதான். யூரியாவுக்குப் பதிலா மீனோட கழிவும் மிச்சத் தீனியும். புதுத் தொட்டியில அந்த நுண்ணுயிர் கெடையாது. அதனால அமோனியா அப்படியே தேங்கி மீனோட செவுளை எரிச்சுப்புடும். பேத்தைக்குச் செதிலும் கெடையாது, மத்த மீனை விட சீக்கிரம் அடிபடும். மட்காத சாணியைப் பயிர் வேர்ல கொட்டினா என்னாகும்னு எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லுவான். நானும் ஒரு விவசாயிதான், எனக்கே உறைக்கலை!

இந்தத் தடவை வெறும் தொட்டியில தண்ணி ஊத்தி, ஃபில்டர் ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுக விட்டோம். வேப்பூர்ல மீன் வளர்க்கிற ஒரு தம்பிகிட்ட அவரு தொட்டியில ஓடின பழைய ஸ்பாஞ்சு ஒரு துண்டு வாங்கிட்டு வந்து உள்ள போட்டேன். தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற சொட்டு மருந்துக் கிட் வாங்கி, பொண்ணு ஒரு நோட்டுல தினம் எழுதி வச்சா. ரெண்டும் சைபருக்கு வர 37 நாள் ஆச்சு. கிட்டுக்குச் சில நூறு ரூபாதான். மண் பரிசோதனை பண்ணாம உரம் போடாதேன்னு ஊருக்கே உபதேசம் பண்ற நான், தண்ணியைப் பரிசோதிக்காம மீனை விட்டவன்.

எங்க விருத்தாசலம் பீங்கானுக்கும் இதுல ஒரு வேலை இருக்கு. ஃபில்டருக்குள்ள பீங்கான் வளையம்னு விக்கிறாங்க பாருங்க, அதுல பொடிப்பொடி ஓட்டை நிறைய இருக்கும், நுண்ணுயிர் குடியிருக்க அதுதான் வீடு. நான் பீங்கான் வேலை செய்யிற ஒரு பட்டறையில ஒருதரம் மட்டும் சுட்ட, பளபளப்புப் பூசாத ஒடைஞ்ச துண்டுங்களைக் கேட்டு வாங்கி, நல்லா அலசி ஃபில்டருக்குள்ள போட்டேன். நல்லாவே வேலை செய்யுது. வண்ணமும் பளபளப்பும் பூசின பொம்மையைத் தொட்டியில போடாதீங்க. பூச்சுல என்ன சேர்த்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது.

தண்ணி விஷயத்துல இன்னொண்ணு. எங்க பஞ்சாயத்துத் தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடுவாங்க. வாளியில பிடிச்சு ஒரு நாள் திறந்து வச்சா அது ஆவியாப் போயிடும். சிட்டித் தண்ணியில சில எடத்துல போடுற குளோரமின் அப்படிச் சீக்கிரம் போகாது. குளோரின் முறிக்கிற சொட்டு மருந்து வாங்கிக்கங்க. வாரம் ஒருமுறை நாலுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க, மொத்தமா இறைச்சுக் கொட்டாதீங்க.

இப்ப எங்ககிட்ட இருக்கிறது குட்டிப் பேத்தை. பட்டாணி அளவு, முழுசா வளர்ந்தாலே மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆயுசுக்கும் நல்ல தண்ணி மீன். சொந்த ஊரு கேரளா பக்கத்து ஆறுங்க. 1941-ல ஹோராவும் நாயரும் பம்பை ஆத்து மீனை வச்சுத்தான் இதுக்கு அறிவியல் பேரு வச்சாங்க, அதுல திருவிதாங்கூர் பேரே இருக்கு. இதுலதான் எனக்கு ஒரு சங்கடம். கடைக்கு வர்ற குட்டிப் பேத்தைங்க பெரும்பாலும் ஆத்துல பிடிச்சது. உலக இயற்கைப் பாதுகாப்பு சங்கத்தோட சிவப்புப் பட்டியல்ல இது அழியக்கூடிய நிலையில இருக்கிற இனம். நம்ம வீட்டு ஹாலு அழகா இருக்கணும்னு பம்பையைக் காலி பண்றது என்ன நியாயம்? சென்னையில வீட்டுலயே குஞ்சு பொரிக்க வைக்கிற ஒருத்தரை என் தங்கச்சி வீட்டுக்காரர் மூலமா பிடிச்சு, அவர்கிட்டதான் ஒண்ணே ஒண்ணு வாங்கினேன். கடையில வாங்குறவங்களும் "இது வளர்த்ததா, பிடிச்சதா?"ன்னு கேளுங்க. பதில் தெரியாத கடைன்னா திரும்பிடுங்க. வாங்குறப்ப மாடு பார்க்கிற மாதிரியே பாருங்க. வயிறு உருண்டையா இருக்கணும், ஒட்டிப்போயிருந்தா உள்ள பூச்சி இருக்கலாம். கடையிலயே அதுக்குத் தீனி போடச் சொல்லிப் பாருங்க.

தீனிதான் சிட்டிக்காரங்களுக்குக் கஷ்டம். மாத்திரை மாதிரி இருக்கிற தீனியை இது பெரும்பாலும் திரும்பிக் கூடப் பார்க்காது. நத்தை, புழு, இல்லைன்னா ஐஸ்ல உறைய வச்ச ரத்தப்புழு வேணும். பேத்தைக்கு நாலு பல்லு சேர்ந்து கிளி மூக்கு மாதிரி இருக்கும், அது வளர்ந்துகிட்டே போகும். பெரிய சாதிப் பேத்தைக்கு நத்தை ஓடு கடிக்கலைன்னா வாய் மூட முடியாம பட்டினி கெடக்க வேண்டியதுதான். வயல் நத்தையை நான் போடுறது இல்லை. படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு நாங்க அடிக்கிற மருந்து எனக்குத் தெரியும். மருந்து அடிச்ச அன்னைக்கு எவ்வளவு சோப்புப் போட்டாலும் தொட்டிக்குள்ள கை விட மாட்டேன். நத்தைக்குத் தனியா ஒரு பிளாஸ்டிக் டப்பு, அதுல முட்டைக்கோஸ் இலை. அதுங்க பெருகுற வேகத்துக்கு யாருக்கும் கவலை வேண்டாம்.

கூட வேற மீன் விடாதீங்க, துடுப்பைக் கடிச்சுப்புடும். ஒரு மீனுக்கு 20 லிட்டராவது தண்ணியும், ஒளிஞ்சுக்க நிறைய செடியும் இருக்கட்டும். அப்புறம் அந்த வீடியோ ஆசை. பேத்தை ஊதுறது சிரிப்பு இல்லீங்க, உயிர் பயம். தண்ணிக்கு வெளிய எடுத்து ஊத வச்சா காத்தை முழுங்கிடும், திரும்ப வெளிய விட முடியாம சாகவும் செய்யும். தவறிச் செத்துப்போனா குழி தோண்டிப் புதைங்க. பேத்தை சாதிக்கு விஷம் உண்டு, கோழியோ பூனையோ தின்னக் கூடாது. சலிச்சுப்போச்சுன்னு ஏரியில விடுறதும் வேண்டாம். டேங்க் கிளீனர்னு வாங்கின மீனை அப்படி விட்டுத்தான் இன்னைக்குப் பல ஏரியில வலை போடுறவங்க தலையில அடிச்சுக்கிறாங்க.

ஆரம்பத்துல எங்கம்மா, "தின்ன முடியாத மீனுக்கு இம்மாம் பெரிய தொட்டியாடா?"ன்னு கேட்டுச்சு. இப்ப காலையில மாட்டுத் தொட்டியில நெளியிற கொசுப்புழுவை டீ வடிகட்டியில அள்ளி, நல்ல தண்ணியில அலசிட்டு வர்றது அதுதான். மீனு ஆயாவைக் கண்டா மட்டும் கண்ணாடியில முட்டிக்கிட்டு ஆடுது. "தினம் தீனி போடுறது நானு, தண்ணி மாத்துறது நானு, அது உன்னைத்தான் பார்க்குது ஆயா"ன்னு பொண்ணுக்கு ஒரே கோவம். நேத்து நத்தை டப்பையும் ஆயா தன் கட்டிலுக்கு அடியில மாத்திக்கிச்சு.