எழுத்துப் பிறழ்ச்சியும் வாசகர் பொறுமையும்

"புமோல்ட்டைக் கடகற்ரையில் கமருணல் கிக்டைகின்றது."

இவ்வாக்கியத்தைக் கண்ணுற்ற அன்பர்கள் அச்சகத்தாரைக் கடிந்துகொள்ள வேண்டா. யாமே எழுத்துக்களை இடம்மாற்றி அச்சிடுவித்தோம். ஆயினும், திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிக்கும் அப்பால், கொக்கிளாய்க் கடனீரேரிக்கு அண்மையிலுள்ள புல்மோட்டையையும், அதன் கரையிலே இல்மனைற்று நிறைந்து கிடக்கும் கருமணலையும் அறிந்தோர், ஒரு கணம் தயங்கியபின் இதன் பொருளைக் கண்டுகொண்டிருப்பர். ஒவ்வொரு சொல்லிலும் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் தத்தம் இடத்திலே நிற்கின்றன, இடையெழுத்துக்களே கலைந்துள்ளன. கலைத்தது எமது கை. ஒழுங்குசெய்துகொண்டது வாசகரின் மனம்.

இவ்வியப்பு உலகெங்கும் பேசப்பட்ட ஒன்றாகும். 2003ஆம் ஆண்டில் இவ்வாறு கலைந்த எழுத்துக்களாலான ஓர் ஆங்கிலப் பந்தி மின்னஞ்சல் வழியே நாடுநாடாய்ப் பரவியது. முதலெழுத்தும் கடையெழுத்தும் சரியாயிருப்பின் ஏனையவை எவ்வாறிருப்பினும் கேடில்லை எனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து கண்டனர் என்பது அப்பந்தியின் செய்தி. அத்தகைய ஆராய்ச்சி கேம்பிரிட்ஜிலே நிகழவில்லை. சொல்லின் இடையெழுத்துக்களை மாற்றி ஆராய்ந்தவர் கிறேயம் றோலின்சன் என்பவர். 1976இல் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் அவர் அதனை விரித்துரைத்தார். பின்னர் 2006இல் கீத் றேனரும் அவருடன் சேர்ந்த அறிஞரும் வாசிப்போரின் கண்ணசைவை அளந்தறிந்தனர். இடையெழுத்துக்கள் மாறியபோது வாசிப்பின் வேகம் நூற்றுக்கு 11 வீதம் குறைந்தது. சொல்லின் தொடக்க எழுத்துக்கள் மாறியபோதோ அக்குறைவு 36 வீதமாயிற்று. கலைந்த எழுத்தைப் படித்தல் கூடும் என்பது மெய். கேடின்றிப் படித்தல் கூடும் என்பது பொய். எழுதியவர் செய்த பிழைக்குரிய கடனைப் படிப்பவர் இறுக்கின்றார்.

இங்ஙனம் படித்தல் எவ்வாறு கூடுகின்றது? பழகிய கண் எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படிப்பதில்லை. கண்ணிமைப்பொழுது மாத்திரம் காட்டப்பட்ட எழுத்துக்களுள், தொடர்பற்றவற்றைக் காட்டிலும் சொல்லாய் அமைந்தவற்றையே மனிதர் மிகுதியாக அறிகின்றனர் என ஜேம்ஸ் கேற்றெல் 1886இலேயே காட்டினார். மனம் முன்னரே சொல்லை அறிந்துவைத்திருக்கின்றது. கண் கொணரும் சிறு குறிப்பினைக் கொண்டு அதனை எடுத்து நிறுத்துகின்றது.

தமிழ் பயின்றோர்க்கு இத்திறமை புதியதன்று. புல்மோட்டை என்னும் பெயரையே நோக்குக. 'மோ' என்பதில் முதலில் ஒலிப்பது மகர மெய். அதன்பின் ஒலிப்பது ஓகாரம். எழுத்திலோ ஓகாரக் குறியின் ஒருபாதி மகரத்திற்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்கின்றன. 'டை' என்பதில் ஐகாரக் குறி முழுவதும் மெய்க்கு முன்னே வந்துவிடுகின்றது. ஒலியின் முறை வேறு, குறியின் முறை வேறு. ஆயினும் இரண்டாம் வகுப்புச் சிறுவனும் அதனைத் தடையின்றிப் படிக்கின்றான். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் 'லை', 'னை' முதலியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்டன. எம்முள் மூத்தோர் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் திருகோணமலையைத் திருகோணமலையாகவே படித்து வருகின்றனர்.

இதனினும் பெரிய சான்று ஏட்டுச்சுவடி. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியர் விதித்தார். ஓலையில் எழுதியோரோ ஏடு கிழியுமென அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். ஆகாரக் காலும் ரகரமும் ஒரே வடிவாய் நின்றன. சொற்களுக்கிடையே வெளியும் இல்லை. 'கர' என எழுதப்பட்டிருப்பது 'கர'வோ, 'கா'வோ, 'கர்' என்பதோ என்பதனைச் செய்யுளின் யாப்பும் பொருளுமே காட்ட வேண்டும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களை மீட்டது இத்தகைய ஏடுகளிலிருந்தே. எமது திருகோணமலை ஈந்த த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையிலிருந்து ஏடுகளை ஒப்புநோக்கித் தமிழ் நாவலர் சரிதை முதலியவற்றைப் பதிப்பித்தார். அப்பெரியோர்க்குக் கைகொடுத்தது வெறுங் கண்ணன்று. இலக்கணமும் இலக்கியமும் நெஞ்சிற் பதிந்த கல்வியே. அவர்களும் தம் ஊகத்தை மாத்திரம் நம்பிவிடவில்லை. பல பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஐயமுள்ள இடத்தில் பாடபேதம் காட்டினர்.

அவ்வெச்சரிக்கைக்குரிய காரணத்தை எமது நகரிலேயே காணலாம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டு எழுப்பிய கோட்டை, இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படுகின்றது. அதன் வாயிலிலுள்ள குளக்கோட்டன் கல்வெட்டு சிதைந்தது. எழுத்துக்கள் பல அங்கே இல்லை. நாட்டில் வழங்கிவரும் செய்யுள் ஒன்றைத் துணைகொண்டே அறிஞர் இடைவெளிகளை நிரப்பிப் படித்தனர். செய்யுளை முன்னரே அறிந்தவர்க்குக் கல்லில் இல்லாத எழுத்தும் தோன்றும். அறியாதவர்க்கு உள்ள எழுத்தும் புலப்படாது. ஆகவே கல் கூறுவது எது, நாம் கூறுவது எது எனப் பிரித்தறிதல் வரலாற்று மாணவர் கடமையாயிற்று. மனம் நிரப்பித் தருவது உண்மையாகவும் இருக்கலாம். தான் விரும்பியதாகவும் இருக்கலாம்.

எல்லா மொழிகளிலும் இப்பொறுமை ஒரே அளவினதன்று. எபிரேய மொழியில் எழுத்து இடம்மாறினால் வாசிப்பு மிகவும் தடுமாறுகின்றது என ஹடாஸ் வெலன், ராம் புறொஸ்ற் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேர்களிற் பிறப்பவை. முறை மாறினால் வேறொரு வேர் தோன்றிவிடும். தமிழிலும் அந்த இடர் உண்டு. 'நகரம்' என்னுஞ் சொல்லின் இடையெழுத்து இரண்டினையும் மாற்றுக, 'நரகம்' ஆகும். முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன! இத்தகைய இடத்தில் வாசகரின் மனம் பிழையைப் பிழையென்றே அறியாது. பிழை தானும் ஒரு சொல்லாய் நிமிர்ந்து நிற்கும்.

இவற்றையெல்லாம் யாம் எடுத்துரைத்தது ஒரு கருத்தினை வற்புறுத்தற்கே. "பொருள் விளங்கினாற் போதாதோ? எழுத்திலே என்ன இருக்கின்றது?" என்னும் பேச்சு இந்நாளில் மிகுந்துவிட்டது. அறிவித்தல் எழுதுவோரும், பெயர்ப்பலகை தீட்டுவோரும், விண்ணப்பப் படிவம் அச்சிடுவோரும், ஏன், தமிழ் கற்பிப்போருள் சிலருங்கூட அவ்வாறு கூறக் கேட்கின்றோம். 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் பஸ் வண்டிகள் சிலவற்றில் கர்ப்பிணித் தாய்மார்க்கு ஒதுக்கிய ஆசனத்தின்மேல் 'தாய்மார்' என்பது 'நாய்மார்' எனப் பொறிக்கப்பட்டிருந்ததை நாடறியும். படித்தவர் அனைவர்க்கும் பொருள் விளங்கியது. விளங்கியதனால் அவமதிப்பு நீங்கிற்றா?

வாசகரின் பொறுமை எழுதுவோர்க்கு அளித்த உரிமைச்சீட்டன்று. அப்பொறுமை கற்றவரிடத்தேதான் உண்டு என்பதையும் மறத்தலாகாது. அகவை ஆறில் எழுத்துக் கூட்டும் குழந்தைக்கு அஃதில்லை. அலுவலின் பொருட்டுத் தமிழைப் புதிதாகக் கற்கும் சிங்கள அன்பர்க்கு அஃதில்லை. முதுமையில் கையொப்பமிடக் கற்ற தாய்க்கும் இல்லை. மருந்துப் போத்தலின் குறிப்பும், கடலில் இறங்கற்க என்னும் எச்சரிக்கையும், நிவாரணப் படிவமும் இவர்கட்கே மிகவும் வேண்டப்படுவன. கற்றவர் 11 வீதம் நட்டப்படும் இடத்தில் இவர்கள் அனைத்தையும் இழப்பர்.

மனிதர் பெயர்களைப் பற்றி ஒருசொல். வாக்கியத்திலே பிறழ்ந்த சொல்லை அயற்சொற்கள் தாங்கிக்கொள்ளும். பெயருக்கு அத்தகைய துணை இல்லை. புல்மோட்டைச் சிறுவன் ஒருவனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும், அடையாள அட்டையில் வேறொருவாறும் எழுதப்பட்டால், எந்த மனமும் அதனை ஊகித்துத் திருத்தாது. சத்தியக்கடதாசியும் வீண் அலைச்சலுமே எஞ்சும். காணி உறுதியில் ஓர் எழுத்து மாறின் வழக்கும் எழலாம். தமிழர் பெயராயினும் முஸ்லிம் மக்கள் பெயராயினும், ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதுகின்றாரோ அவ்வாறே எழுதுதல் அவர்க்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எழுத்து முறைமாறித் தோன்றும் இடர்ப்பாடு இயல்பிலேயே உடைய பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும். அவர்கள் மந்தரும் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். பிரம்பு அவர்கட்கு மருந்தாகாது; பொறுமையும் தனிப்பயிற்சியுமே மருந்து. முயன்றும் தடுமாறும் மாணவனிடத்துக் காட்டவேண்டிய இரக்கத்தை, முயலாது பிழைவிடும் அலுவலர் தமக்கெனக் கேட்டல் தகாது.

எமது கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் பாடசாலைகளிலும் பணிபுரிகின்றனர். அவர்தம் கையொப்பத்துடன் வெளிவரும் ஒவ்வொரு தமிழ்த் தாளும் அச்சேறுமுன் தமிழறிந்த மற்றொருவர் கண்ணுக்கும் செல்லுமாறு செய்தல் அரிதன்று. எழுதியவர் தம் பிழையைத் தாமே காணார். எழுத நினைத்ததையே அவர் மனம் அவர்க்குக் காட்டும். மாணவரும் தாம் எழுதியதை மறுநாள் எடுத்து, எழுத்தெழுத்தாய் வாய்விட்டுப் படித்துப் பழகுக. ஊரார் சுட்டிக்காட்டும் பலகைப் பிழையைத் திருத்தும் பொறுப்பினைப் பழைய மாணவர் சங்கமும் ஏற்று, உரியவர்க்கு அறிவித்தல் நன்று.

வாசகர் பிழை பொறுத்துப் படிப்பாராக. அது கல்வியின் பயன். எழுதுவோர் அப்பொறுமையைச் செலவிடாது காப்பாராக. அது கல்வியின் கடமை.