உப்புக்காற்றின் தலையில் ஒரு பழி

பழைய எஸ்டீம் கார் ஒன்றின் 1.3 லிட்டர் இஞ்சினுக்கு ஹை-லிஃப்ட் கேம் போட்டு, கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றி ஹெட்டர் மாட்டி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கியெறிந்து கூம்பு ஃபில்டர் சொருகி, பிறகு ஐடிலிங் நிற்கவில்லையே என்று கையைப் பிசைவது குற்றமல்ல, பலரும் செய்வதுதான். ஆனால் அந்தக் குலுக்கலுக்கு உப்புக்காற்று, எத்தனால், கம்ப்யூட்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கைகாட்டிவிட்டு, தான் மாட்டிய சாமான்களை மட்டும் மறந்துபோய், கடலோர டியூனிங் ரகசியத்தை உலகுக்கு அருளும் தோரணையில் ஒருவர் எழுதுகிறார் என்றால், படிக்கிறவனுக்கு இஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்ற திடநம்பிக்கை அவருக்கு இருந்தாக வேண்டும். கீழக்கரையிலும் பரமக்குடியிலும் பானெட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி, ஆகவே ஆக்சிஜன் குறைவு, ஆகவே கலவை லீன் ஆகிவிடுகிறது என்பது அவருடைய முதல் முழக்கம். இரண்டு ‘ஆகவே’க்கும் நடுவில் என்ன விழுந்து உடைந்தது என்று பாருங்கள். ஆக்சிஜன் குறைந்தால் பெட்ரோல் அல்லவா மிஞ்ச வேண்டும்? பெட்ரோல் மிஞ்சினால் அது ரிச் அல்லவா? காரணத்தை வடக்கே அனுப்பிவிட்டு முடிவைத் தெற்கே வரவேற்கிற இந்தத் தர்க்கம் போகட்டும், காரணமாவது நிற்கிறதா? 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், நீராவி காற்றில் பிடித்துக்கொள்ளும் இடம் மூன்று நான்கு சதவீதம்தான். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அந்த மலையில் வாடகை வேன்கள் ஐடிலிங்கில் நின்றபடி ஆளேற்றிக்கொண்டிருக்க, இஞ்சினுக்கு அடர்ந்த காற்று தாராளமாகக் கிடைக்கிற மண்டபத்தில் வண்டி மூச்சுத் திணறுவானேன்? இன்டேக்கில் மேப் சென்சார் என்று ஒன்று உட்கார்ந்து அழுத்தத்தை அளந்துகொண்டிருப்பது எதற்காம், அலங்காரத்துக்கா?

உப்பு இந்தக் கரையில் பொய்யல்ல. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அது தின்ற தின்பில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் அரிபடுவதைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா அல்ல. ஆனால் உப்பு கடிப்பது உலோகத்தை, கலவையை அல்ல. பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸ் போல்ட்டுக்குப் போகிற எர்த் பட்டையை நம் கட்டுரையாளர் ஒருநாள் கழற்றிப் பார்க்கட்டும். மேலே உறை புத்தம்புதிதாக இருக்கும். லக் கவ்வுகிற இடத்தில் பின்னலைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிரும். இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் அங்கேயே பாதி வைத்தியம் முடிந்தது.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் கட்டுரையில் அது இல்லை. ஐடிலிங்கில் இஞ்செக்டர் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லி செகண்டுதான் திறக்கிறது. அதில் உள்ளே ஊசி எழும்பவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு போய்விடும். ரிலே முனையிலோ கனெக்டரிலோ களிம்பேறி வோல்டேஜ் இறங்கினால் ஊசி இன்னும் மெதுவாக எழும்பும். ஐடிலிங்கில் அந்த நஷ்டம் பெரும் பங்கு. வேகத்தில் போகும்போது இஞ்செக்டர் நெடுநேரம் திறந்திருப்பதால் அது தூசு. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பறக்கிற வண்டி அக்னி தீர்த்தத்துப் பார்க்கிங்கில் குலுங்குவதை ‘விளங்காத விசித்திரம்’ என்று எழுதியிருக்கிறாரே, ஒரு மில்லி செகண்டுக்கு மேல் அதில் விசித்திரம் ஏதுமில்லை. இதே களிம்பு கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் பின்னில் ஏறினால் விளைவு நேரெதிர்: 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்ட வேண்டிய சென்சாரோடு இன்னொரு 300 ஓம் சேர்ந்தால் இஞ்சின் 60 டிகிரியில் இருப்பதாக இ.சி.யு. என்கிற இஞ்சின் கம்ப்யூட்டர் நம்பி, குளிருக்குக் கம்பளி போர்த்துகிற கரிசனத்தோடு பெட்ரோலைக் கூட்டும். ஒரே உப்பு, ஒரு வயரில் லீன், இன்னொரு வயரில் ரிச். எந்த வயர் என்று தேடுவதற்குப் பெயர்தான் நோயறிதல். காற்றைப் பார்த்துக் கைகாட்டுவதற்கு அல்ல.

அடுத்த குற்றவாளி எத்தனால். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே அளவு ஊற்றினால் எட்டு சதவீதம் லீன். ஆக்சிஜன் சென்சாரோடு ஓடுகிற இ.சி.யு. கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டும் எல்லை பொதுவாக இருபது சதவீதத்தைத் தாண்டும். அதே பங்க்கில் அதே எத்தனாலைக் குடித்துவிட்டு எதிர்வீட்டுக் கம்பெனி செட்டப் எஸ்டீம் அமைதியாக நிற்கிறதே, எத்தனாலுக்கு மாடிஃபை செய்த வண்டிகள்மேல் மட்டும் தனி விரோதமா? கார்புரேட்டர் வண்டி என்றால் பேச்சு வேறு. அதற்குச் சரிக்கட்டத் தெரியாது. எத்தனாலால் இந்தப் பக்கம் வருகிற நிஜமான தொல்லை இன்னொன்று. துபாயில் வேலை பார்க்கிறவரின் கார் கீழக்கரை வீட்டு வாசலில் மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. எத்தனால் கடலோர ஈரத்தை உறிஞ்சி, அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியே இறங்குகிறது. லீவில் வந்தவர் சாவி போட்டதும் பம்ப் முதலில் அதைத்தான் இழுக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி வெடிப்பதும் இதோடு சேர்ந்தது. இதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. டேங்கை வடித்து ஹோஸை மாற்றுவதில் ரீமேப் விற்க வழியில்லை என்பதாலா?

இனிதான் கட்டுரையின் கர்ப்பகிரகம். பிளக்குகள் நாலும் கரிபிடித்திருந்தன. ஆனால் ஆக்சிஜன் சென்சார் லீன் என்றது. ‘மெஷின் பொய் சொல்லாது’, ஆகவே பெட்ரோல் கூட்டினேன் என்கிறார். கூட்டிய பிறகு? ‘கொஞ்சம் தேவலை, ஆனால் புகை அதிகம்’. பேதி கண்டவனுக்கு விருந்து வைத்துவிட்டு, தெம்பாகத்தான் இருக்கிறான், என்ன, எழுந்திருக்க முடியவில்லை என்பதுபோல.

மணிமேகலையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுவார். நடுவில் உள்ளது, சாதிக்க வந்த பொருளிடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படும் காரணம். அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. நம்மவரின் ‘லீன்’ அளவீடு அசல் அநைகாந்திகம். ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. 1976இல் வால்வோ காரில் பாஷ் நிறுவனம் முதன்முதலாக அதைப் பொருத்திய நாளிலிருந்து அது புகைக்குழாயில் மிஞ்சிய ஆக்சிஜனை மட்டும்தான் முகர்கிறது. பெட்ரோல் குறைந்தாலும் ஆக்சிஜன் மிஞ்சும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும், எரியாத காற்று அப்படியே வெளியேறி, ஆக்சிஜன் மிஞ்சும். ஹெட்டர் கேஸ்கெட் ஒழுகினாலும், ஐடிலிங்கில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, ஆக்சிஜன் மிஞ்சும். மூன்றுக்கும் வோல்டேஜ் 0.45க்குக் கீழே இறங்கும். மூன்றில் ஒன்றுக்குத்தான் பெட்ரோல் மருந்து.

அவர் மாட்டியதோ ஹை-லிஃப்ட் கேம். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டால், ஐடிலிங்கில் எரிந்த புகை திரும்ப இன்டேக்குக்குள் புகுந்து புதுக் கலவையைக் கெடுக்கும்; சில சுற்று எரியும், சில சுற்று எரியாது. எரியாத சுற்றின் ஆக்சிஜனை முகர்ந்து சென்சார் லீன் என்கிறது, இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டுகிறது, பிளக் கறுக்கிறது, கறுத்த பிளக் இன்னும் மிஸ் ஆகிறது, சென்சார் இன்னும் லீன் என்கிறது. இந்தச் சுழலில் வெளியிலிருந்து மேலும் பெட்ரோல் ஊற்றுகிறவரை டியூனர் என்பதா? ஹெட்டர் ஃபிளாஞ்ச் ஓரத்தில் விசிறிபோல் படிந்த கரிக்கோடு அவர் அச்சிட்ட படத்திலேயே தெரிகிறது. தன் படத்தைத் தானே பார்க்கவில்லை போலும்.

போகிறபோக்கில் இன்னொரு ஞானம்: ‘இன்டேக்கில் லீக் இருந்தால் லீன்தான் காட்டும்’. காற்றை எடைபோடும் சென்சார் உள்ள வண்டிகளுக்கான விதி இது. இவர் கையிலிருப்பது அழுத்தத்தை அளந்து கணக்குப்போடும் வண்டி. அதில் த்ராட்டிலுக்குப் பின்னால் லீக் வந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும், இ.சி.யு. அதற்கேற்பப் பெட்ரோலும் கூட்டும், ஐடிலிங் 900இலிருந்து 1,400க்கு ஏறி நிற்கும். இரவல் சாஸ்திரத்தைப் படித்தவர் அது எந்த வண்டியின் சாஸ்திரம் என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர்மேல் பழிபோடும் அவருடைய கார்புரேட்டர் காலப் புலம்பலுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். காது போதும், மீட்டர் வேண்டாம் என்கிறவர் இரண்டு பக்கம் முன்னால்தான் மெஷின் பொய் சொல்லாது என்றார். சோழவரம் ரன்வேயில் கார் ஓட்டியவர்களும், மாருதி 800 இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டிய கோவை கரிவர்தனும் காதை மட்டும் நம்பி ஜெயித்தார்கள் என்று இவருக்கு யார் சொன்னது?

பொல்யூஷன் சர்டிஃபிகேட் கிடைத்துவிட்டதால் கலவை சரி என்ற வாதம் அதைவிடச் சுவையானது. பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். வரை அனுமதி. இரண்டு எண்களில் முதலாவதை மட்டும் பெருமையோடு அச்சிட்டிருக்கிறார். மிஸ் ஆகிற இஞ்சின் காட்டிக்கொடுப்பது இரண்டாவதில். எரியாத பெட்ரோல் அங்கேதான் பதிவாகும். அதை ஏன் மறைத்தார் என்று நான் கேட்க மாட்டேன். கடைசிப் பத்தியில் ‘கடலோர ஸ்பெஷல்’ இஞ்செக்டர் செட்டும் ரீமேப்பும் தன்னிடமே கிடைக்கும் என்று அறிவித்திருப்பதைப் படித்தவர்கள் கேட்டுக்கொள்வார்கள். காற்றும் எத்தனாலும் குற்றவாளியானால் இந்தக் கரையில் உள்ள கார்கள் அத்தனையும் அவருக்கு வாடிக்கை. பச்சைபிடித்த எர்த் பட்டையும் ஒழுகும் கேஸ்கெட்டும் குற்றவாளியானால் அந்த ஒரே ஒரு எஸ்டீம், அதுவும் சில நூறு ரூபாய்ச் சாமானோடு முடிந்துபோகும்.

அவர் பதில் எழுதுவார், தெரியும். எழுதட்டும். ஆனால் தன் ‘ஸ்பெஷல்’ இஞ்செக்டரைக் கழற்றிக் கம்பெனி இஞ்செக்டரைத் திரும்ப மாட்டி, ஹெட்டர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டுவிட்டு, ஐடிலிங்கில் இ.சி.யு. சரிக்கட்டும் ஃபியூவல் ட்ரிம் எத்தனை, 2,500 ஆர்.பி.எம்.மில் எத்தனை, எர்த்தில் இறங்கும் வோல்டேஜ் எத்தனை, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் எத்தனை என்பதை எண்ணால் எழுதட்டும். வங்காள விரிகுடாவின் ஈரப்பதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.