பத்தியம் யாருக்கு?

"தண்ணி நெறையக் குடிக்காத, வயிறு போட்டுரும்." அக்கா பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் பெரியம்மா சொன்னது. சித்திரை வெயில். அரை டம்ளர் வெந்நீரை வைத்துக்கொண்டு நாக்கை நனைத்தபடி கிடந்தாள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். பால் நன்றாக ஊறிவிட்டால் தினமும் முக்கால் லிட்டர் குழந்தைக்குப் போகும். அது எங்கிருந்து வரும் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

பாட்டி சொன்னதையெல்லாம் கேலி செய்கிற ஆள் நானில்லை. பால்சுறா புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாமே அருமையான சாப்பாடு. தாராளமாகப் போடுங்கள். ஆனால் நடப்பது வேறு. சுறா ஒரு நாள் வரும், தடை தினமும் வரும். வாழைப்பழம் சளி, தயிர் குளிர்ச்சி, பருப்பு வாயு, மாம்பழம் மாந்தம். கடைசியில் மிஞ்சுவது ரசஞ்சோறும் சுட்ட கருவாடும். முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இங்கே இருப்பதையும் பிடுங்குகிறோம்.

குழந்தைக்கு வயிற்றால் போனால் போச்சு, "நீ என்னத்த தின்ன?" என்று விசாரணை ஆரம்பம். பிறந்த அன்றே சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியை நாக்கில் தடவிய விரலை யாரும் விசாரிப்பதில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்னவர்களும் அதே பெரியவர்கள்தான்.

பிள்ளை பார்க்க வந்த அத்தானுக்கு நல்ல தொப்பை. அவருக்குச் செம்பு நிறையத் தண்ணி, பிறகு கோழிக்குழம்பு. பெரியம்மாதான் பரிமாறினாள்.