பேறுகாலப் பத்தியமும் எடைக்குறைப்பு உணவுமுறைகளும்: நிலைப்பாட்டு அறிக்கை

கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் எதை உண்ணலாகாது என்பதே தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாகப் பேசப்படுகிறது. குழந்தை பெருத்தால் சுகப்பிரசவம் ஆகாது என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைப்பதும், பிள்ளை பெற்றபின் பழத்தையும் கீரையையும் குளிர்ச்சி என்றும் பருப்பை வாயு என்றும் ஒதுக்கித் தண்ணீரையும் அளந்து கொடுப்பதும் பழைய வழக்கம். பேறு முடிந்த சில வாரங்களிலேயே உடல் இளைக்க மாவுச்சத்தை அறவே நீக்குவது புதிய வழக்கம். தேவை ஏறும் காலத்தில் உணவை இறக்குகின்றன என்பதால் இவ்விரண்டையும் ஒரே பிழையாகக் கருதும், இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பு, மருத்துவக் காரணமற்ற எந்த உணவு விலக்கையும் ஏற்கவில்லை. கர்ப்பகால நீரிழிவுக்கு மருத்துவர் வகுத்துத் தரும் உணவுமுறை சிகிச்சையின் பகுதியாதலால் இதில் அடங்காது.

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, கருவுற்ற பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கிலோகலோரியும், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் 600 கிலோகலோரியும் கூடுதலாகத் தேவை. பத்தியம் மிகக் கடுமையாக இருக்கும் வாரங்கள், ஏறத்தாழ ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடுதலாகக் கேட்கும் இந்த இரண்டாம் கட்டத்திலேயே அமைந்துவிடுகின்றன.

தாய் எதை உண்டாலும் தாய்ப்பாலின் தரம் குறையாது என்ற கருத்து பாதி மட்டுமே சரி. உணவில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் தாயின் எலும்பு அதை ஈடுசெய்கிறது. ஆனால் தயமின் எனப்படும் பி1, பி12, ஏ ஆகிய உயிர்ச்சத்துகளும் அயோடினும் தாயின் உடலில் குறைந்தால் பாலிலும் குறைகின்றன. காஷ்மீரில், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி, பேற்றுக்குப்பின் பல உணவுகளை மரபுப்படி விலக்கிய தாய்மாரின் கைக்குழந்தைகளுக்குத் தயமின் குறைவால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் வந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். நன்றாகப் பால் குடித்துவந்த குழந்தைகளுக்கே இது நேர்ந்தது என்பதால், ரசமும் சோறும் மட்டுமே தாய்க்கு நல்லது என வற்புறுத்தும் பெரியவர்கள் இச்செய்தியை அறிந்திருப்பது நல்லது.

பத்தியத்தை முற்றாகக் கைவிடுமாறு இவ்வமைப்பு கோரவில்லை. பூண்டுக் குழம்பு, முட்டை, முருங்கைக்கீரை, பேறுகால ஓய்வு என அது சேர்ப்பவை தொடரலாம். பால்சுறாப் புட்டு மட்டும் மறுபரிசீலனைக்கு உரியது. பிற மீன்களைத் தின்று வாழும் சுறாவின் தசையில் நரம்புமண்டலத்தைப் பாதிக்கும் மெத்தில் பாதரசம் சேர்வதால், நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களே தாய்க்குப் பாதுகாப்பானவை. பால் சுரப்பைப் பெருக்குவதும் முதன்மையாக எந்தக் குழம்புமன்று, குழந்தை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பதே.

எடை குறைக்க விரும்பும் தாயின் விருப்பத்தைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. கூடுதல் எடையுள்ள தாய்மார், பாலூட்டல் நிலைபெற்றபின் மிதமான உணவுக் குறைப்பாலும் உடற்பயிற்சியாலும் வாரத்துக்கு அரைக்கிலோ அளவில் இளைத்தபோது குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படவில்லை என்று ஆய்வு காட்டியுள்ளது. பட்டினி, ஒரே உணவை உண்ணுதல், இளைப்பதற்கான மாத்திரைகள் ஆகியவற்றையே இவ்வமைப்பு எதிர்க்கிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் காணப்பட்டனர். எனவே கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பேற்றுக்குப்பின் 180 நாளும் அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை இடையில் நிறுத்தப்படலாகாது. தேநீரும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், அவற்றை உடன் எடுத்துக்கொள்ளவும் கூடாது. தட்டில் எது விழும் என்பதைப் பெரும்பாலும் தாய் முடிவுசெய்வதில்லை. ஆகவே, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் தரப்படும் உணவு அறிவுரையைக் கணவரையும், சமைத்துப் போடும் மாமியாரையோ தாயாரையோ உடன் வைத்துக்கொண்டே வழங்க வேண்டும் என இவ்வமைப்பு அரசு, தனியார் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறது.