பிர்ச்சுக்குப் பைன் வேஷம் எதற்கு?

இங்கிலாந்து வந்த புதிதில், வேலியோரம் தானாக முளைத்திருந்த சில்வர் பிர்ச் கன்று ஒன்றைத் தொட்டிக்கு மாற்றினேன். பொன்சாய் என்றதும் ஜப்பானியப் பைன்தான் கண்ணில் நின்றது. கம்பி சுற்றி, கிளைகளை அடுக்கடுக்காகப் படியவைத்தேன். தப்பு என்னுடையதுதான். மார்ச்சில், மொட்டு விரியும் முன் ஒரு கிளையை வெட்டினேன். வெட்டுவாயிலிருந்து நாள்கணக்கில் நீர் சொட்டி, தொட்டி விளிம்பெல்லாம் ஈரம். கோடையில் கம்பி பட்டைக்குள் பதிந்தது. ஆசையாக வளைத்த கிளை மறுவருடம் காரணம் சொல்லாமல் காய்ந்தது.

பிர்ச் அப்படித்தான். பெரிய வெட்டை எளிதில் ஆற்றிக்கொள்ளாது. கத்தரியைக் கோடை நடுவில், இலை முற்றிய பிறகு எடுங்கள். கிளை தடிக்குமுன் வெட்டுங்கள். வெள்ளைப் பட்டைக்கு அவசரம் வேண்டாம்: இளமரம் பழுப்புதான், வெளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். (இமயத்தில் ஏடாகப் பயன்பட்ட பூர்ஜ மரம் இதன் பங்காளி. உரியும் பட்டை குடும்பச் சொத்து.)

நுனிகள் தொங்கட்டும், விடுங்கள். ஒல்லித் தண்டுகளைத் தட்டையான தொட்டியில் நெருக்கி நட்டால் தோப்பே வந்துவிடும். என் தொட்டியில் இப்போது ஐந்து நிற்கின்றன. நடுமரத்தில் பழைய கம்பித் தழும்பு இன்னும் தெரிகிறது.