காரின் கறுப்பு ஏன் வெளிறுகிறது?



கார் எவ்வளவு நன்றாகக் கழுவப்பட்டாலும் சில பாகங்கள் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பம்பர், பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழுள்ள மூடி ஆகிய கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களே அவை. 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதிக்கு 2025இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதாயில்லை. எனவே இருப்பதைப் பேணுவதே புத்திசாலித்தனம்.

இந்த வெளிறல் அழுக்கல்ல. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிதைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது.

நம் வீடுகளில் உடனே கை போவது தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குத்தான். பூசியதும் பளபளக்கும், உண்மை. ஆனால் எண்ணெய் வெடிப்புகளை நனைக்கிறதே தவிர அடைப்பதில்லை. தூசியைப் பிடிக்கும், சில நாட்களில் பழையபடி வெளிறிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வைப்பருக்குக் கீழே பூசிய எண்ணெய் மழையில் முன் கண்ணாடிக்கு ஏறும். வைப்பர் அதை இழுத்துப் பரப்பும். இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் அதில் பட்டால் பாதையே தெரியாது. உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகள் அல்லவா?

ஏற்கனவே பூசியிருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் அந்தப் பாகத்தையும் முன் கண்ணாடியையும் வைப்பர் இறப்பரையும் துடைத்தெடுங்கள்.

சரியான முறை இதுதான்:

1. அஸருக்குப் பின், வெயில் தணிந்து பிளாஸ்டிக் ஆறியதும், நிழலில் வேலையைத் தொடங்குங்கள்.

2. அந்த இடத்தை நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் கறுத்து, காய்ந்ததும் வெளிறினால் அது வெயிலின் வேலை. நனைந்த பின்பும் மறையாத வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் பொலிஷ் காய்ந்து படிந்தவை, தேய்த்தாலே போகும்.

3. சவர்க்கார நீரில் பழைய பல்துலக்கும் பிரஷைத் தோய்த்து, சொரசொரப்பான இடங்களைத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் அழுக்கு ஒட்டாத வரை கழுவி, நன்கு உலரவிடுங்கள். ஈரமிருந்தால் பூச்சு பிடிக்காது.

4. பக்கத்திலுள்ள பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

5. வாகன உதிரிப்பாகக் கடைகளில், வெளிப்புறப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும், காய்ந்து இறுகும் பூச்சைக் கேட்டு வாங்குங்கள். டயருக்குப் பூசும் எண்ணெய்ப்பசையான திரவம் வேண்டாம். ஸ்பொஞ்சில் சில துளிகள் விட்டு மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். போத்தலில் குறித்துள்ள நேரம்வரை தண்ணீர் படக்கூடாது. ஒழுங்காகப் பூசினால் பல மாதங்கள் நிற்கும்.

தின்னர், பெற்றோல் கொண்டு துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் பழுதாகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நெருப்போ சூட்டுக்காற்றோ காட்டிக் கறுக்கவைக்கும் வித்தையும் வேண்டாம். கொஞ்சம் பிசகினால் பிளாஸ்டிக் உருகிவிடும். வெடித்து உடையத் தொடங்கிய பாகத்தை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகளும் இம்முறையைக் கையாளலாம். ஆனால் கால் வைக்கும் தட்டு, கைப்பிடி, பிரேக், டயர் ஆகியவற்றில் ஒரு துளியும் படவேண்டாம், வழுக்கும். வேலை முடிந்தபின் வாகனத்தை நிழலில் நிறுத்தப் பழகுங்கள். செலவில்லாத பாதுகாப்பு அதுவே.